கம்ப்யூட்டருக்குள் நட்ட மரம்

மே மாதம் மதியம் மூன்று மணிக்கு மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைக் கவனியுங்கள். மரம் இருந்தால் மரத்தடியில் கூட்டம். மரம் இல்லாவிட்டால் பெயர்ப்பலகையின் நிழலில். அதுவும் இல்லாவிட்டால் விளக்குக் கம்பத்தின் ஒல்லி நிழலில், ஒருவர் பின் ஒருவராக வரிசை!

மரத்தடி குளுமை என்று சொல்ல எந்த மென்பொருளும் தேவையில்லை, பாட்டிக்கே தெரியும். ஆனால் எவ்வளவு குளுமை, எந்த மரத்தால், எத்தனை மரத்தால், சாலையின் எந்தப் பக்கம் நட்டால் என்று கேட்டால் பாட்டியும் சொல்ல மாட்டார், நகராட்சித் தலைவரும் சொல்ல மாட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நாற்பது வருடங்களுக்கு மேலாக கம்ப்யூட்டருக்குள் மரம் வளர்க்கிறார்கள். அந்த மரம் எங்கே முளைத்தது, நம் ஊர் மரத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நகரத்து வெப்பம். ஊருக்கு வெளியே இருப்பதைவிட ஊருக்குள் சூடு அதிகம் என்று எண்களோடு முதலில் காட்டியவர் லூக் ஹோவர்ட். லண்டனில் மருந்து தயாரிப்பாளர். மேகங்களுக்குப் பெயர் வைத்தவரும் இவர்தான். 1818-லிருந்து 1820-க்குள் லண்டனின் தட்பவெப்பம் பற்றி அவர் புத்தகம் வெளியிட்டபோது, நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டிய மதராஸ் வானாய்வகம் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் மதராஸ் வெப்பத்தீவு பற்றி ஆராய்ச்சி இதழில் ஒரு நல்ல கட்டுரை வர 1990 வாக்கில் ஆனது. சுந்தர்சிங் என்பவர் எழுதியது. வெப்பத்தை அளந்ததோடு நிற்காமல், அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்றும் அதில் யோசித்திருந்தார். 2009-ல் யோக்கஹாமா மாநாட்டில் தேவதாஸ், லில்லி ரோஸ் இருவரும் சென்னையின் நகர அமைப்புக்கும் வெப்பத்தீவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் கட்டுரை கொடுத்தார்கள். இடையில் 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது தனிக்கதை.

சரி, மரத்துக்கு வருவோம்.

கம்ப்யூட்டருக்கு மரம் தெரியாது. எண்தான் தெரியும். ஒரு மரத்தை எப்படி எண்ணாக மாற்றுவது? விடை வந்தது நகரத்திலிருந்து அல்ல, வயலிலிருந்து. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் டி.ஜே.வாட்சன் 1947-ல் ஓர் அளவை முன்வைத்தார். ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு மேலே எத்தனை சதுர மீட்டர் இலை இருக்கிறது? அவ்வளவுதான். தமிழில் இலைப்பரப்புச் சுட்டெண் என்று சொல்லலாம். (தனித்தமிழ் இயக்கத் தந்தை மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய ஊரைப் பற்றி எழுதும்போது இதற்குக்கூடத் தமிழ்ச்சொல் இல்லாவிட்டால் எப்படி! :-) )

அடுத்து 1953-ல் ஜப்பானில் மோன்சி, சேகி என்ற இருவர் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். கட்டுரையை எழுதியது ஜெர்மன் மொழியில். கலங்கிய நீருக்குள் வெளிச்சம் போகப் போக எப்படிக் குறைகிறதோ, அப்படியே இலைக்கூட்டத்துக்குள்ளும் குறைகிறது என்பது சாரம். இலைகள் சராசரியாகச் சாய்ந்து பரவியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், சுட்டெண் 1 ஆக இருக்கும்போது சுமார் 61 சதவீத வெயில் கீழே வந்துவிடும். 2 என்றால் 37 சதவீதம். 4 என்றால் 14 சதவீதம்தான். முதல் அடுக்கு இலைகள் செய்யும் வேலை பெரியது, அதற்கு மேல் சேரும் ஒவ்வொரு அடுக்கும் குறைவாகவே செய்கிறது. வணிகவியல் மாணவர்களுக்கு இது பழைய நண்பர்தான். பொருளாதாரத் தாளில் வரும் குறைந்து செல் விளைவு விதி, மர உச்சியில் உட்கார்ந்திருக்கிறது.

ஆக, கோதுமைக்கும் சோயாவுக்கும் செய்த கணக்குதான் பின்னால் தெருமரத்துக்கு வந்தது. இதை மறந்துவிடக் கூடாது. வயலில் பயிர் ஒரே உயரம், ஒரே அடர்த்தி, ஒரே வயது. தெருமரம் அப்படியா? மின்வாரியம் ஒரு பக்கம் வெட்டியிருக்கும், லாரி இன்னொரு பக்கம் உரசியிருக்கும்.

1978-ல் அமெரிக்காவில் டியர்டார்ஃப் வானிலைக் கணிப்புக்காக நிலத்தின் மேல் ஒற்றை அடுக்குத் தாவரத்தைச் சேர்த்தார். அதில் மரம் என்பது தரைக்கு மேல் விரித்த ஒரு பச்சைப் போர்வை. 1987-ல் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஹுவாங், அக்பரி, தாஹா, ரோசன்ஃபெல்ட் ஆகியோர் கட்டடங்களின் ஏ.சி. செலவைக் கணக்கிடும் மென்பொருளில் மரத்தைச் சேர்த்தார்கள். அங்கே மரம் ஓர் ஓட்டைத் தட்டி மாதிரி. வெயிலில் இவ்வளவு பங்கு உள்ளே விடும், மீதியை மறைக்கும். கோடைக்கு ஓர் எண், இலையில்லாத குளிர்காலத்துக்கு ஓர் எண். 1994-ல் சிகாகோ நகர மரங்களைப் பற்றிய பெரிய ஆய்வு அறிக்கை வந்தது. மரத்தின் பலனை டாலராக மாற்றும் பழக்கம் அங்கே சூடு பிடித்து, 2006-ல் அமெரிக்க வனத்துறை ஐ-ட்ரீ என்ற மென்பொருளாக வெளியிட்டது. மரத்துக்கும் ஒரு பேரேடு திறந்துவிட்டார்கள்!

ஆனால் தெருவில் நிற்கிற ஆளுக்கு என்ன சூடு என்பதைச் சொல்லும் மென்பொருள் வேறு. அந்தக் கதையின் நாயகன் என்வி-மெட்.

ஜெர்மனியின் பொகும் நகரில் ரூர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் புரூஸ உருவாக்கியது இது. அவரும் ஹெரிபர்ட் ஃபிளீரும் எழுதி 1998-ல் வந்த கட்டுரைதான் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுவது. ஒரு தெருவைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் காற்று, வெப்பம், ஈரம், கதிர்வீச்சு எல்லாவற்றையும் விநாடி விநாடியாகக் கணக்கிடும். இதில் மரம் வெறும் தட்டியாக இல்லாமல் மூன்று வேலை செய்தது. வெயிலை மறைத்தது. இலைத்துளைகள் வழியாக நீராவி விட்டது. காற்றைத் தடுத்தது. இந்த மூன்றாவதை நம்மவர்கள் பலரும் மறந்துவிடுகிறார்கள். தாம்பரம், வண்டலூர் பக்கம் சாயங்காலக் கடற்காற்றுக்காக ஏங்குகிற ஊரில், தெருவை அடைத்து மரம் நட்டால் நிழலும் கிடைக்கும், புழுக்கமும் கிடைக்கும்.

அந்த மரம் உள்ளே எப்படி இருந்தது? ஒரு கோப்பில் ஒரு வரி. இரண்டெழுத்துக் குறியீடு ஒன்று, உயரம், வேரின் ஆழம், இலை எவ்வளவு வெயிலைத் திருப்பி அடிக்கிறது என்ற எண். பிறகு மரத்தை அடியிலிருந்து நுனிவரை பத்து அடுக்காக வெட்டி, ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கனமீட்டருக்கு எத்தனை சதுர மீட்டர் இலை என்று பத்து எண்கள். வேருக்கு இன்னொரு பத்து. முடிந்தது மரம். 10 மீட்டர் உயரம், அடர்த்தி, அடியில் இலை கிடையாது என்பது ஒரு மரம். 15 மீட்டர், மிக அடர்த்தி என்பது இன்னொன்று. பெயரும் கிடையாது, இனமும் கிடையாது. தெருப்படத்தின் மேல் கட்டம் கட்டமாக அந்த இரண்டெழுத்தைத் தட்டிக்கொண்டே போனால் ஒரு சாலை முழுக்க மரம் முளைத்துவிடும். ஒரே நாளில் முதிர்ந்த மரம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடு மேயாது.

பழைய பதிப்புகள் இலவசமாகக் கிடைத்தன. அதனால் உலகெங்கும் கட்டடக்கலை மாணவர்கள் இறக்கிக்கொண்டார்கள். இந்தியக் கல்லூரிகளுக்கும் அப்படித்தான் வந்தது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பம். மென்பொருளோடு வந்த மரங்கள் ஜெர்மனியில் முளைத்தவை. சென்னைத் தெருவை வரைந்துவிட்டு, அதில் வேப்பமரம் என்று நினைத்து நட்டது பல சமயம் பெயரில்லாத ஓர் ஐரோப்பிய மரம்.

பெரிய அளவில் வேலை செய்த மென்பொருள்களில் நிலைமை இன்னும் மோசம். 2000-ல் பிரான்சின் வலேரி மாஸோன் வெளியிட்ட நகர வெப்ப மாதிரி உலகப்புகழ் பெற்றது. அதில் தெருவுக்குள் மரமே கிடையாது. நகரம் தனி ஓடு, பசுமை தனி ஓடு. பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் பூங்காவின் மரம் பக்கத்து வீட்டுச் சுவரில் நிழல் போடாது. தெருவுக்குள் தோட்டத்தைச் சேர்த்தது 2012-ல், உயரமான மரத்தைச் சேர்த்தது 2017 வாக்கில். மரத்தின் முக்கியமான வேலையே நிழல். அந்த வேலையைப் பிடுங்கிவிட்டு மரத்தால் என்ன பயன் என்று கணக்குப் பார்த்தால் பாவம் மரம் என்ன செய்யும்?

நிழலை மட்டும் ஒழுங்காகச் செய்வோம் என்று கிளம்பியவர்கள் ஸ்வீடனின் கோத்தென்பர்க் ஆட்கள். லிண்ட்பெர்க் குழுவினர் 2008-ல் சோல்வெய்க் மாதிரியை வெளியிட்டார்கள். 2011-ல் லிண்ட்பெர்க்கும் சூ கிரிம்மண்டும் அதில் மரம் சேர்த்தார்கள். இங்கே மரம் இரண்டு படங்கள். இலைக்கூட்டத்தின் மேல் உயரம் ஒரு படம், கீழ்விளிம்பு இன்னொரு படம். நடுவில் இருப்பது இலை, கீழே இருப்பது அடிமரம். எளிமையான யோசனை, ஆனால் நன்றாக வேலை செய்தது. இப்போது இது கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளுக்குள்ளேயே கிடைக்கிறது. சாதாரண மடிக்கணினியில் ஓடும்.

அதிலும் ஒரு எண்ணைப் பாருங்கள். மரத்தின் ஊடாக எத்தனை சதவீத வெயில் இறங்கும் என்று கேட்கும் இடத்தில், எதுவும் மாற்றாவிட்டால் 3 சதவீதம் என்று இருக்கும். இது சும்மா போட்டதில்லை. கொனார்ஸ்கா என்பவரின் குழு கோத்தென்பர்க் தெருமரங்களுக்கு அடியில் அளந்து, இலை நிறைந்த காலத்தில் நேரடி வெயில் 1.3-லிருந்து 5.3 சதவீதம்தான் இறங்குகிறது என்று 2014-ல் எழுதினார்கள். ஸ்வீடன் மரங்களுக்கு அது உண்மை. அதே 3-ஐ முருங்கைக்கும் தூங்குமூஞ்சிக்கும் குல்மொஹருக்கும் போட்டால்? முருங்கை நிழலில் உட்கார்ந்து புத்தகம் படித்தவர்களுக்குத் தெரியும், பக்கம் முழுக்கப் புள்ளிப்புள்ளியாக வெயில் ஆடும்.

சூடான நாடுகளில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கொழும்பில், மொரட்டுவப் பல்கலைக்கழகத்தில் இருந்த ரொஹின்டன் இம்மானுவேல் ஸ்வீடன்காரர்கள் இருவரோடு சேர்ந்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பக்கத்து வாசகர்கள் கட்டாயம் அறிய வேண்டியது. காற்றின் வெப்பநிலையை நன்றாகக் குறைக்கும் வழி எதுவோ, அதுவே மனிதருக்கு அதிக சுகம் தரும் வழி என்று சொல்ல முடியாது என்பது அதன் முடிவு. ஈரப்பதமான கடலோர ஊரில் ஆளைக் காப்பாற்றுவது நிழல். தெர்மாமீட்டர் அரை டிகிரி, ஒரு டிகிரி குறைந்ததாகக் காட்டும், ஆனால் உடம்பில் படும் கதிர்வீச்சு மலைக்கும் மடுவுக்குமாக மாறியிருக்கும். "மரம் நட்டால் ஒரு டிகிரிதானே குறையும்" என்று செய்தி படிக்கும்போது அது எந்த டிகிரி என்று கேட்டுப் பழக வேண்டும்.

2010-ல் இரண்டு கட்டுரைகள் வந்தன. மலேசியாவில் ஷாஹிதான் குழு நாங்கு மரத்தையும் ஹூரா என்ற முள்மரத்தையும் ஒப்பிட்டு, இலை அடர்ந்த நாங்கு எவ்வளவு கூடுதலாக வெயிலைத் தடுக்கிறது என்று காட்டியது. கெய்ரோவில் ஃபாஹ்மி குழு இரண்டு மரங்களின் இலையடர்த்தியைக் கணக்கிட்டு என்வி-மெட்டுக்குள் நட்டது. ஒன்று ரப்பர் இலை ஆல். இன்னொன்று எது தெரியுமா? இயல்வாகை! கோடையில் சென்னைத் தெருக்களில் மஞ்சள் கம்பளம் விரிக்கிற அதே மரம். அந்தக் கணக்குக்குப் பயன்பட்ட சூத்திரமோ செர்பியாவில் லாலிச், மிஹைலோவிச் இருவரும் காட்டு மரங்களுக்காக 2004-ல் எழுதியது. அதாவது தாம்பரத்தில் ஒரு மாணவர் தன் வீட்டு வாசல் இயல்வாகையை மென்பொருளில் நட வேண்டுமென்றால் கெய்ரோ, நோவி சாட் வழியாகச் சுற்றி வர வேண்டும்.

சிங்கப்பூர் இதை நேரடியாகச் சட்டமாக்கப் பார்த்தது. பூன் லே ஓங் 2003-ல் பசுமை மனை விகிதம் என்ற யோசனையை எழுதினார். மனையில் எத்தனை மரம் என்று எண்ணாதே, எத்தனை சதுர மீட்டர் இலை என்று எண்ணு என்பது அது. பிறகு வெப்பமண்டலச் செடிகளுக்கு இலைப்பரப்புச் சுட்டெண் பட்டியலே புத்தகமாக வந்தது. 2018-ல் அங்குள்ள பூங்காக் கழகம் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை இணைய வரைபடத்தில் போட்டது.

மரமா, இலையா, எதை எண்ணுவது? இந்தக் கேள்வி நம் பக்கம் ஏன் முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சாலை அகலப்படுத்தும்போது வெட்டும் மரம் ஒன்றுக்குப் பத்து கன்று நடுவோம் என்பது வழக்கமாகக் கேட்கும் வாக்குறுதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பத்து மடங்கு லாபம்! உதாரணத்துக்கு, வெட்டப்படும் புளியமரத்தின் கிளைப்பரப்பு 12 மீட்டர் குறுக்களவு, சுட்டெண் 4 என்று வைப்போம். நிலத்தில் 113 சதுர மீட்டர் நிழல், மேலே சுமார் 452 சதுர மீட்டர் இலை. கன்று ஒரு மீட்டர் குறுக்களவு, சுட்டெண் 2 என்று தாராளமாகவே வைத்தாலும் ஒன்றுக்கு 1.57 சதுர மீட்டர் இலை. பத்துக் கன்றுக்கு 15.7. பழைய கணக்கைச் சரிக்கட்ட கிட்டத்தட்ட 290 கன்று வேண்டும், அதுவும் எல்லாம் பிழைத்தால். எண்ணிக்கைப் பேரேட்டில் லாபம், இலைப் பேரேட்டில் 97 சதவீத நஷ்டம். எந்தத் தணிக்கையாளரும் இந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போட மாட்டார்.

செயற்கைக்கோள் படத்திலிருந்து பசுமையை எடுப்பதிலும் இதே வில்லங்கம்தான். மேலிருந்து பார்த்தால் சீமைக்கருவேலமும் பச்சை, ஆலமரமும் பச்சை. கீழே நின்று பார்த்தால்தான் எதன் அடியில் சைக்கிள் நிறுத்தலாம் என்று தெரியும்.

நம் மரங்களுக்கு ஐரோப்பியக் கோப்பில் இடமில்லாத குணங்கள் சில உண்டு. அங்கே இலையுதிர் மரம் என்றால் குளிர்காலத்தில் மொட்டை, கோடையில் அடர்த்தி. இங்கே புங்கனும் வேம்பும் மாசி பங்குனியில் பழுத்த இலையைக் கொட்டிவிட்டு, சித்திரை பிறப்பதற்குள் பளபளவென்று புதுத் துளிரோடு நிற்கும். பச்சடிக்கு வேப்பம்பூ கிடைப்பதும் அப்போதுதான். அக்னி நட்சத்திரத்துக்கு முழு நிழல் தயார். ஆனால் அதற்கு முந்தைய சில வாரங்களில், வெயில் ஏறத் தொடங்கிவிட்ட மார்ச் மாதத்தில், நிழல் பாதியாகிவிடும். தூங்குமூஞ்சி மரம் பெயருக்கேற்றபடி சாயங்காலம் இலையை மூடிக்கொள்ளும். புளியும் மூடும். இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட, இலை மூடிய மரம் திறந்த ஜன்னல் மாதிரி. பத்து எண்களில் அடைத்த மரத்துக்கு மாலை ஆறு மணி என்றால் என்னவென்று தெரியாது.

காற்றும் இப்படித்தான். என்வி-மெட்டின் பழைய பதிப்புகளில் ஆரம்பத்தில் கொடுத்த காற்றின் திசையும் வேகமும் நாள் முழுக்க மாறாது. சென்னையில் கோடைக்காலத்துக் காலையில் மேற்கிலிருந்து அனல், மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று. மறைமலை நகருக்கு அது வந்து சேர இன்னும் தாமதமாகும். மரம் காற்றை எந்தப் பக்கம் தடுக்கிறது என்ற கேள்விக்கே அங்கே பாதி நாள் தப்பான விடை. நேரத்துக்கு நேரம் மாறும் காற்றைக் கொடுக்கும் வசதி பிந்தைய பதிப்புகளில்தான் வந்தது.

இதற்கு நடுவே 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல். சென்னையிலும் புறநகரிலும் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. வண்டலூர் உயிரியல் பூங்காவும் கிண்டியும் பட்ட அடி எல்லோருக்கும் நினைவிருக்கும். இயல்வாகை, குல்மொஹர், தூங்குமூஞ்சி போன்றவை அதிகம் விழுந்தன. அதற்கு முன் சென்னைத் தெருவை வரைந்து வைத்திருந்த எந்த மாதிரியும் ஒரே நாளில் பழைய வரலாறாகிப் போனது. மரம் என்பது கட்டடம் மாதிரி நிலைத்த சொத்து இல்லை, ஆண்டுதோறும் மறுமதிப்பீடு கேட்கும்.

ஜெர்மானியர்களும் குறையை உணராமல் இல்லை. 2010-களில் வந்த நான்காம் பதிப்பில் பத்து அடுக்கு மரம் போய் முப்பரிமாண மரம் வந்தது. ஹெல்கே சைமன் குழு மைன்ஸ் நகரத்து உண்மையான மரங்களின் நீராவிப்போக்கையும் இலைச்சூட்டையும் அளந்து, மென்பொருள் சொல்வதோடு ஒப்பிட்டு 2018-ல் எழுதியது. ஐந்தாம் பதிப்பில் கிளையோடு வளரும் மரம். அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968-ல் பாசி வளர்வதை விவரிக்க உருவாக்கிய இலக்கணத்தை வைத்து, ஒரு கிளை இரண்டாகி, இரண்டு நான்காகி விரிகிறது. பார்க்க அழகு. ஆனால் எந்தக் கோணத்தில் பிரிய வேண்டும், எவ்வளவு இலை வேண்டும் என்று இனத்துக்கு இனம் யாராவது சொல்ல வேண்டும். வேம்புக்கு அதைச் சொல்ல வேண்டியவர் மைன்ஸில் இல்லை.

தமிழ்நாட்டில் 2022-ல் பசுமை இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்குவது இலக்கு. 2023-ல் சென்னை காலநிலைச் செயல்திட்டம் வெளிவந்தது. 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. பணம் ஒதுக்கப்படும் இடத்தில் எல்லாம் மாதிரிகள் கேட்கப்படும். அந்த மாதிரிகளுக்குள் நிற்கப்போவது எந்த மரம் என்பது அப்போது வெறும் ஆராய்ச்சிக் கேள்வியாக இருக்காது.

அளப்பதற்கு இடம் தேடி அலைய வேண்டியதும் இல்லை. தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரி 1937-ல் குடியேறிய வளாகம் 350 ஏக்கருக்கு மேல். வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அங்கே வைத்து வளர்த்த மரங்களும், புதர்க்காட்டின் மிச்சமும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. வண்டலூரில் காப்புக்காடு, நன்மங்கலத்தில் இன்னொன்று. சாலையோர வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சி எல்லாம் வயதுவாரியாக ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்க நகர்களிலேயே கிடைக்கும்.

அளக்கும் முறையும் பழைய மோன்சி, சேகி சூத்திரத்தைத் தலைகீழாகப் போடுவதுதான். மீன்கண் லென்ஸ் ஒன்றை மாட்டி, பொழுது சாயும் நேரத்தில் மரத்தடியில் இருந்து மேல்நோக்கிப் படம் எடுக்க வேண்டும். படத்தில் வானம் எத்தனை புள்ளி, இலை எத்தனை புள்ளி என்று மென்பொருள் எண்ணி, இவ்வளவு இடைவெளி என்றால் இவ்வளவு இலை என்று சொல்லிவிடும். 1999-ல் வந்த கேப் லைட் அனலைசர் என்ற மென்பொருள் இதற்காகவே இலவசமாகக் கொடுக்கப்பட்டது. கூடவே மரத்தின் உயரம், அடிக்கிளை தொடங்கும் உயரம், கிளைப்பரப்பின் குறுக்களவு. ஒரு மரத்துக்கு இரண்டு பேர், ஒரு டேப், அரை மணி நேர வேலை. வருடத்தில் மூன்று முறை எடுக்க வேண்டும்: இலை கொட்டும் மாசியில், துளிர் முற்றிய சித்திரையில், மழை முடிந்த மார்கழியில்.